உள்ளுக்கை புழுக்கம்

வன்னியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லோருக்கும் எலும்பும் தோலுமான மனிதர்கள்தான் வருகிறார்கள். பொருளாதாரத் தடை, ஒட்டிய கன்னம், எண்ணெய் காணாத தலை. எனக்கு அது அலுத்துவிட்டது. அந்தக் காலத்தில் அங்கே ஒரு குண்டான மனுசியும் இருந்தார். அவரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எழுதினால் வெளிநாட்டுக்காரன் தடை பொய் என்று நினைத்துவிடுவான் என்று பயந்தார்களோ தெரியாது. நான் எழுதுகிறேன். பெயர் சொல்லமாட்டேன். அவருக்கு வெட்கமில்லை, ஆனால் சொந்தக்காரருக்கு இருக்கிறது.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் ஒழுங்கைத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தொண்ணூற்றாறில் கிளிநொச்சியை விட்டு ஓடி ஸ்கந்தபுரத்தில் ஒரு தோட்டக் காணிக்குள் கொட்டில் போட்டுக்கொண்டவர்கள் நாங்கள். நாலு குடும்பம், நாலு கொட்டில், ஒரு கிணறு, குண்டுக்குப் பதுங்க ஒரு பங்கர். நான் நெல் மில்லில் தராசுக்கு நின்றேன். மூட்டையை ஏற்றுவது, நிறையைப் பார்ப்பது, எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகச் சொல்வது. அதுதான் என் வேலை.

அக்கா எதையும் மறைக்கமாட்டார். இதுதான் அவரிடம் நான் கண்ட முழு விசயமும். மற்றவர்கள் காதோடு காதாகக் கதைப்பதை அவர் கிணற்றடியில் நின்று கதைப்பார். ஏன் அக்கா இப்படி என்று கேட்டால், "எனக்கு ஒளிக்கிறதுக்கு இடம் காணாது தம்பி" என்று தன் உடம்பைக் காட்டுவார்.

நிவாரணம் கொடுக்கிற இடத்தில் ஒருநாள் வரிசையில் நின்றோம். புதிதாக வந்த ஓர் உத்தியோகத்தர் கதிரையில் இருந்தபடி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கும் நிவாரணமோ?" என்று கேட்டார். பின்னால் நின்ற சனம் சிரித்தது.

"ஓம். நிவாரணம் ஆளின்ரை நிறைக்கோ, தலைக்கோ?" என்று அக்கா கேட்டார்.

"தலைக்குத்தான்."

"எனக்கும் ஒரு தலைதான் கிடக்கு. எண்ணிப்போட்டுத் தாருங்கோ."

சிரித்த சனம் இன்னும் கூடச் சிரித்தது. இந்த முறை உத்தியோகத்தரைப் பார்த்து. மனுசன் குனிந்து மாவை நிறுத்தார்.

அதோடு விடவில்லை ஊர். தின்னாமல் எப்படி இந்த உடம்பு நிற்கும், எங்கேயோ மா மூட்டை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று கதை கட்டினார்கள். கட்டியது வேறு யாருமில்லை, எங்கள் ஒழுங்கைப் பெண்கள்தான். காலையில் அக்காவிடம் நெருப்புக்குச் சிரட்டைக் கரி வாங்கிக்கொண்டு போய் மாலையில் அதே வாயால் கதைத்த ஆட்கள். அக்கா காதில் அது விழுந்த அன்று கிணற்றடிக்கு வந்து எல்லோரையும் கூப்பிட்டார்.

"வாருங்கோ பிள்ளையள். என்ரை குசினியைப் பாக்க ஆசைப்படுறியளாம். வந்து பாருங்கோ."

ஒருத்தரும் அசையவில்லை. அக்கா ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். ஒவ்வொரு பானையையும் அவர்களையே திறக்கச் சொன்னார். ஒன்றில் ஒரு பிடி அரிசி. ஒன்றில் உப்பு. ஒன்றில் ஒன்றுமில்லை. "அந்த மூலைப் பானையையும் திறவுங்கோ, பேந்து அதுக்குள்ளைதான் இருந்தது எண்டு கதை வரும்" என்றார். அதற்குள் பல்லி இருந்தது. பார்த்து முடிந்ததும் எல்லோருக்கும் வெறுந்தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சீனி இல்லை. குடித்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய இடத்தில் நான் என்றால் வெட்கத்தில் அந்த மண்ணிலேயே புதைந்திருப்பேன்.

அவருடைய மனுசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் அண்ணை என்போம். கடிதத்தை மடித்து நிற்க வைத்த மாதிரி ஓர் ஆள். காற்றடித்தால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சைக்கிள் அவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பதுதான் சரி. அதிகம் கதைக்கமாட்டார். அக்கா கதைத்து முடிக்கும் வரை காத்திருந்து, முடிந்ததும் "ஓம்" என்பார்.

இனிப் பங்கர். ஆள் இறங்கும் வாயை ஒடுக்கமாகத்தான் வைப்பார்கள். அகலமாக விட்டால் குண்டுச் சிதறல் உள்ளே வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எங்கள் பங்கர் வாயில் நான் பக்கவாட்டில்தான் இறங்குவேன். அக்கா இறங்க ஏலாது. முதல் தரம் கிபிர் விமானம் குண்டு போட வந்தபோது முயற்சி செய்து பார்த்தார். இடுப்போடு நின்றுவிட்டது. உள்ளே இருந்த நாங்கள் இருட்டில் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே விமானம் இரைகிறது. அவர் மேலே நின்று, "இது நல்ல மூடி. நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்றார். அண்ணை வெளியே நின்று இழுத்துத்தான் எடுத்தார்.

அதன் பிறகு கிபிர் வந்தால் அக்கா பங்கர்ப் பக்கமே வரமாட்டார். பாலை மரத்தடியில் காலை நீட்டி இருப்பார். அண்ணை அவருக்குப் பக்கத்தில் இருப்பார், தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு. இரும்புத் துண்டைத் துவாய் தடுக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

"உள்ளுக்குப் போங்கோ. உங்களுக்கென்ன, ஊசி நூல் மாதிரி இறங்குவியள்" என்று அக்கா கத்துவார்.

"உள்ளுக்கை புழுக்கமப்பா" என்பார் அண்ணை.

ஒவ்வொரு முறையும் இதே பதில். நாங்கள் உள்ளே இருந்து கேட்போம். அக்காவுக்கு அது பொய் என்று தெரியும். ஆனால் பிடிக்க வழியில்லை. உள்ளே போய்ப் பார்த்தவர் அல்லவே அவர்.

அகலமாக இன்னொரு பங்கர் வெட்டினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் பங்கரை வெட்டியவர் எங்கள் நாலாவது கொட்டில்காரர். மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர், கிணறு வெட்டுவதில் கெட்டிக்காரர். ஐயா என்போம். அண்ணை ஒருநாள் அவரிடம் போய், அக்காவின் அளவுக்கு ஒன்று வெட்ட முடியுமா என்று கேட்டார். ஐயா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"அந்தப் பேச்சே வேணாங்க. உசுரோட இருக்கிற பொம்பளைய அளவெடுத்துக் குழி வெட்டுறதா? எங்க சனங்க பொதைக்கிற சனங்க. ஆளு அளவுக்கு வெட்டுறது அதுக்கு மட்டுந்தான்."

ஊரும் அதையே சொன்னது. விமானத்துக்குப் பயந்ததை விட அளவுக்குப் பயந்தார்கள். அண்ணை திரும்பி வந்துவிட்டார். அக்காவுக்குச் சொல்லவுமில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கனடாவிலிருந்து கசெற் வந்தது. அக்காவின் தங்கை அங்கே இருந்தாள். கடிதம் எழுதப் பஞ்சி, பேசிப் பதிந்து அனுப்புவாள். பற்றரி எங்களுக்குத் தடை. அண்ணை சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றுவார். அந்தக் கரண்டில்தான் கசெற் ஓடும். அவர் வேகமாகச் சுற்றினால் தங்கை சின்னப் பிள்ளை மாதிரிக் கதைப்பாள். களைத்தால் ஆம்பிளைக் குரல் வரும்.

அந்தக் கசெற்றில் தங்கை தன்னோடு வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரியைப் பற்றிச் சொன்னாள். அக்காவை விடப் பெரிய ஆளாம். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து, இரைப்பையைச் சின்னதாகத் தைத்துவிட்டார்களாம். இப்போது கால் கோப்பை சோற்றோடு வயிறு நிரம்பிவிடுமாம். பாதி ஆளாகிவிட்டாளாம். ஒரு சதமும் வாங்கவில்லை, எல்லாம் கவர்மென்ட்.

"நிப்பாட்டுங்கோ" என்றார் அக்கா. அண்ணை நிறுத்தினார். "திருப்பிச் சுத்துங்கோ. அந்த இடம் திருப்பிக் கேக்கோணும்."

அண்ணை அன்று வியர்த்து வடியும் வரை சுற்றினார். கடைசியில் அக்கா முடிவைச் சொன்னார்.

"அங்கத்தைக் கவர்மென்ட் செய்யுதெண்டால் இஞ்சத்தைக் கவர்மென்டும் செய்யத்தானே வேணும். ஆஸ்பத்திரி ஆற்றை? கவர்மென்டின்ரை. நான் போய்க் கேக்கப்போறன்."

"ஓம்" என்றார் அண்ணை.

ஆஸ்பத்திரி அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதுவும் எங்களைப் போல இடம்பெயர்ந்து வந்ததுதான். மில்லின் லாண்ட்மாஸ்டர், பெட்டி பூட்டிய கை உழவு இயந்திரம், அரிசி கொண்டுபோகும் நாளில் பெட்டியின் பின்பலகையை இறக்கி, அதில் சாய்த்து அக்காவை ஏற்றிக்கொண்டு போனேன். மலேரியாக்காரரும் எறிகணைச் செல் பட்ட ஆட்களுமாகப் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வாங்குகளில் நெருக்கி இருந்தார்கள். டொக்டர் இளம் பொடியன். கண்ணில் நித்திரை இல்லை. பின்னால் கரும்பலகையில் யாரோ எழுதிய பெருக்கல் வாய்ப்பாடு அழியாமல் இருந்தது.

"என்னம்மா செய்யுது?"

"வயித்தைத் தைக்கோணும் டொக்டர்."

அவர் பதறி எழும்பினார். "எப்ப பட்டது? செல்லோ?"

"ஒண்டும் படேல்லை. சின்னனாத் தைச்சு விடோணும். கனடாவிலை செய்யினம்."

விசயம் விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செல் பட்டுக் கை கட்டியிருந்த ஒரு பொடியன் வலியோடு சிரித்தான். டொக்டர் சிரிக்கவில்லை. அதனால்தான் அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

"அம்மா, கிழிஞ்சு வாற வயித்தைத் தைக்கவே என்னட்டை நூல் காணாது" என்றார்.

"நூல் நான் கொண்டு வாறன். என்ன நிறம்?"

டொக்டர் மேசையில் தலையை வைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது முகம் கொஞ்சம் வெளித்திருந்தது. அப்படி ஒரு சத்திரசிகிச்சை இருப்பது உண்மைதான், ஆனால் இங்கே ஒருவருக்கும் அது தெரியாது என்றார். முதலில் நிறையைப் பார்ப்போம் என்று ஆஸ்பத்திரித் தராசில் ஏற்றினார். முள் ஓடிக் கடைசியில் முட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் அந்தத் தராசுக்குத் தெரியாது.

"வேறை பெரிய தராசு எங்கையும் இருக்கோ?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மில்லில் அன்று பின்னேரம் சனம் நிறைய. கண்டாவளைப் பக்கத்து நெல் வந்திருந்தது. மூட்டை வைக்கிற பலகையில் அக்கா ஏறி நின்றார். தராசு ஒரு கிறீச் போட்டது. நான் படிக்கல்லை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். இரண்டு மூட்டை நெல்லுக்கு ஒரு சுளகு குறைவு. நான் கிட்டப் போய் மெல்லச் சொன்னேன்.

"என்ன சொல்லுறாய்?"

திரும்ப மெல்லச் சொன்னேன்.

"நெல்லுக்கு ஊர் கேக்கக் கத்துறனீ. எனக்கு மட்டும் ஏன் காதுக்குள்ளை? நான் என்ன களவு நெல்லே?"

கத்தினேன். மில்லில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா பலகையில் நின்றபடி எல்லோரையும் பார்த்துத் தலையை ஆட்டினார், ஏலத்தில் வென்றவர் போல. அதன் பிறகு அவருடைய நிறையைப் பற்றி ஊரில் கிசுகிசு நின்றுவிட்டது. தெரிந்துபோன விசயத்தைக் கிசுகிசுப்பதில் என்ன சுகம்.

அதிலிருந்து லாண்ட்மாஸ்டர் போகும் நாளெல்லாம் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனார். டொக்டர் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தார். படித்த புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொன்னார். பட்டரைக் குறையுங்கோ, சீஸைத் தவிருங்கோ, பொரித்தது வேண்டாம்.

"பட்டர் இப்பவும் மஞ்சள் நிறம்தானோ டொக்டர்?" என்று அக்கா கேட்டார். "கண்டு கனகாலம், அதுதான் கேட்டனான்."

டொக்டர் பேனாவை மூடி வைத்தார். சில உடம்புகள் அப்படித்தான், ஒன்றும் தின்னாமலே பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அவரே பிறகு சொன்னார். அதை எங்கள் ஒழுங்கைப் பெண்களுக்கு ஒருக்கால் வந்து சொல்லச் சொல்லி அக்கா கேட்டார். அவருக்கு நேரம் இருக்கவில்லை.

ஒருநாள் டொக்டர் பொறுமை இழந்துவிட்டார். அன்று காலை எங்கோ குண்டு விழுந்து நிறையப் பேரைக் கொண்டுவந்திருந்தார்கள். சட்டையில் இரத்தம். அக்காவைக் கண்டதும் கோபம் வந்துவிட்டது.

"இந்த நேரத்திலை வடிவாகிறதுக்கு ஒப்பரேசன் கேக்கிறியளே அம்மா. சனம் சாகுது. உங்களுக்கு விளங்கேல்லையோ?"

வேறு யாரும் என்றால் அழுதிருப்பார்கள். அக்கா வாங்கில் இருந்தார். வாங்கு முனகியது.

"வடிவுக்கில்லை டொக்டர். நான் பங்கருக்குள்ளை போக ஏலாது. நான் வெளியிலை இருந்தால் என்ரை மனுசனும் வெளியிலை இருக்குது. புழுக்கம் எண்டு சாட்டுச் சொல்லுது. எனக்குப் பட்டால் பரவாயில்லை, இவ்வளவு சதை கிடக்கு, துண்டு உள்ளுக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். அந்தாளிலை பட்டால் மறுபக்கத்தாலை வந்திடும். என்னைக் கொஞ்சம் மெலிய வையுங்கோ, ரெண்டு பேரும் உள்ளுக்குப் போயிடுவம். அவ்வளவுதான் நான் கேக்கிறது."

டொக்டர் நின்றபடியே கேட்டார். பிறகு போய்க் கையைக் கழுவினார். நீண்ட நேரம் கழுவினார். திரும்பி வந்து கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நடக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை, ஆனால் கேட்டுப் பாருங்கோ என்றார்.

"கேக்கிறது எனக்கு விடுங்கோ" என்றார் அக்கா.

வன்னியிலிருந்து வெளியே போவது அப்போது வெளிநாடு போவதைவிடக் கஷ்டம். இந்தப் பக்கத்துப் பாஸ் இயக்கத்திடம், அந்தப் பக்கத்துப் பாஸ் ஆமியிடம். இந்தப் பக்கத்தில் ஓர் ஆள் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். அக்காவுக்கு அண்ணையைத் தவிர யார் இருக்கிறார்கள். அண்ணையே பிணை நின்றார்.

"நான் ஓடிப் போடுவன் எண்டு நினைக்கினம் போலை" என்று அக்கா பாஸ் கொடுக்கிற இடத்திலேயே சொன்னார். "ஓட ஏலுமெண்டால் நான் ஏன் டொக்டரிட்டைப் போறன்?"

நோயாளரை ஏற்றிப் போகும் வாகனத்தில் முன்சீற் முழுவதும் அவருக்குக் கொடுத்தார்கள். ஏறி இருந்துகொண்டு அண்ணையைக் கூப்பிட்டார்.

"நான் இல்லாத நேரம் கிபிர் வந்தால் உள்ளுக்குப் போகோணும். இப்ப உங்களுக்கு ஒரு சாட்டும் இல்லை. விளங்கிச்சோ?"

"ஓம்."

"சத்தியம் பண்ணுங்கோ."

"ஓம்."

வாகனம் போய் அந்தக் கிழமையே கிபிர் வந்தது. நாங்கள் எல்லோரும் உள்ளே. எண்ணிப் பார்த்தேன், அண்ணை இல்லை. தலையை வெளியே நீட்டினேன். பாலை மரத்தடியில் இருக்கிறார். தலையில் துவாய். நடுவில் இல்லை, ஓரமாக. அக்கா இருக்கிற இடத்தை அப்படியே விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் இருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். "இப்ப ஆருக்காக இருக்கிறியள் அங்கை? விசரே உங்களுக்கு? அக்கா வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"உள்ளுக்கை புழுக்கம் தம்பி" என்றார் அண்ணை.

அக்கா இல்லாத நாளெல்லாம் அப்படித்தான் இருந்தார். நான் ஏசுவதும் நிற்கவில்லை.

அக்கா திரும்பி வர மாதக்கணக்காயிற்று. வவுனியாவில் அந்தப் பக்கத்துப் பாஸுக்குக் காத்திருந்ததில் பாதிக் காலம் போனது. வந்திறங்கிய கையோடு வீட்டுக்கும் போகாமல் மில்லுக்கு வந்து பலகையில் ஏறினார். இரண்டு மூட்டையைத் தாண்டிவிட்டது. சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"பாணும் பட்டரும்" என்றார் அக்கா. "மஞ்சள்தான். டொக்டருக்குச் சொல்லோணும்."

கொழும்புக் கதையைப் பலகையை விட்டு இறங்காமலே சொன்னார். பெரியாஸ்பத்திரியில் பெரிய டொக்டர் கடிதத்தைப் பார்த்தாராம். இந்தச் சிகிச்சை இங்கே செய்வதில்லை என்றாராம். செய்தாலும் இந்த நிறைக்கு மயக்க மருந்து கொடுக்கப் பயம், முதலில் முப்பது கிலோ குறைத்துக்கொண்டு வரச் சொன்னாராம்.

"நான் கேட்டன், ஐயா, முப்பது கிலோ குறைக்கத் தெரிஞ்சால் நான் ஏன் பாஸ் எடுத்து உங்களிட்டை வாறன் எண்டு. பக்கத்திலை நிண்ட நேர்ஸ் பிள்ளை அதைச் சிங்களத்திலை அவருக்குச் சொல்லிச்சு. சொல்லேக்கை அதுக்குச் சிரிப்பு வந்திட்டுது. பேந்து அந்தாளும் சிரிச்சது. நல்ல மனுசன். ஆனால் செய்யமாட்டுது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு விசயத்தை நெஞ்சில் வைத்திருக்கத் தெரியாது. அண்ணை உள்ளே போகவேயில்லை என்று நேரே சொன்னேன். நீங்கள் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தனியே இருந்தார், நீங்கள் மெலிந்து வந்தாலும் அந்தாள் திருந்தாது என்றும் சொன்னேன்.

அக்கா கதையை நிறுத்தினார். பலகையில் அப்படியே நின்றார். தராசு முள் மட்டும் கொஞ்சம் ஆடியது. பிறகு இறங்கினார்.

"ஐயா எங்கை? கிணறு வெட்டுற ஐயா?"

கொட்டிலில் ஐயா மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவர் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"அளவெடுங்கோ. என்ரை அளவுக்கு ஒரு பங்கர் வேணும்."

ஐயா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார். "அம்மா, அண்ணாச்சி கேட்டப்பவே சொல்லிட்டேன். அந்தப் பாவத்த எந் தலையில கட்டாதீங்க."

அக்கா திரும்பி, அவர் வந்த செய்தி கேட்டு ஓடி வந்து நின்ற அண்ணையைப் பார்த்தார். அண்ணை நிலத்தைப் பார்த்தார்.

"கேட்டவரோ? எனக்குச் சொல்லேல்லை" என்றார் அக்கா. பிறகு ஐயாவிடம், "சரி, ஒரு விசயம் சொல்லுங்கோ. உங்கடை சனம் புதைக்கிற குழிக்குப் படி வைக்கிறதோ?"

"படியா? அதுக்கு எதுக்கும்மா படி?"

"ஏன் வைக்கிறேல்லை?"

"எறங்குனவங்க ஏறி வரப்போறதில்லையே."

"அப்ப எனக்குப் படி வையுங்கோ. நான் ஏறி வரப்போற ஆள். படி வைச்சால் அது அந்தக் குழியில்லைத்தானே?"

ஐயா யோசித்தார். வேலியைப் பார்த்து யோசித்தார், வானத்தைப் பார்த்து யோசித்தார். ஊரில் இருந்த அத்தனை பெரியவர்களுக்கும் வராத யோசனை. கேட்க வெட்கப்பட்டு எல்லோரும் பேசாமல் இருந்த விசயம், ஒரு படியில் முடிந்தது.

"கைப்பிடியும் வச்சுர்றேன்" என்றார் கடைசியில். "ஆனா ஒண்ணு. சும்மா எறங்கிப் பாக்கக்கூடாது. தேவ வந்தாத்தான் எறங்கணும்."

"சரி."

கயிறு பிடித்து அளவெடுத்தார். அக்கா சுற்றி நின்ற பெண்களைப் பார்த்து, "கயிறு காணாட்டிச் சொல்லுங்கோ, எங்கையாவது ஒளிச்சு வைச்சிருப்பியள்" என்றார். அவர்கள் சிரித்துக்கொண்டே வீட்டில் இருந்த கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள்.

எல்லோரும் வெட்டினோம். ஐயா படி வைத்து இறக்கி, ஒரு வளைவு கொடுத்து, அதற்கப்பால் அறையை வைத்தார். வளைவு இருந்தால் வாய் அகலமானாலும் துண்டு நேரே வராது. காட்டிலிருந்து பாலைக் கட்டை வந்தது. நான் மில்லிலிருந்து கிழிந்த சாக்குகளைக் கொண்டுவந்து மண் நிரப்பிக் கட்டைக்கு மேல் அடுக்கினேன். மில் முதலாளியிடம் கேட்கவில்லை. அதற்காக இன்று வரை வருத்தமும் இல்லை.

சில நாளில் ஒரு முற்பகல் கிபிர் வந்தது. நான் வழக்கமான பங்கருக்குத்தான் ஓடினேன், பிறகு கால் தானாகப் புதியதற்குத் திரும்பியது. அக்கா கைப்பிடியைப் பிடித்துப் படிபடியாக இறங்கிக்கொண்டிருந்தார். அவசரப்படவில்லை. நான் பின்னால் இறங்கி வளைவில் குந்தினேன். அவர் அறைக்குள் போய் இருந்து கால்களை நீட்டினார். மேலே இரைச்சல் சுற்றுகிறது.

அண்ணையைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால் பாலை மரத்தடி, துவாய். பழக்கம்.

அக்கா கையால் மண்சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு குரல் கொடுத்தார். மலை மாதிரிக் குரல்.

"இஞ்சாருங்கோ."

"என்ன?" என்று மேலிருந்து அண்ணை.

"உள்ளுக்கை புழுக்கம் எண்டு சொன்னனீங்கள் எல்லே?"

அண்ணை மேலே செருமினார்.

"இஞ்சை கிணத்தடி மாதிரிக் குளிர்ந்துபோய்க் கிடக்கு. பொய்க்கார மனுசன். இறங்கி வாருங்கோ."

துவாயை உதறும் சத்தம் கேட்டது. அண்ணை படியில் இறங்கி, என்னைத் தாண்டி, அறைக்குள் போய் அக்காவுக்குப் பக்கத்தில் ஓரமாக இருந்தார். இடம் நிறையக் கிடந்தது. ஆனாலும் ஓரமாகத்தான் இருந்தார்.

"அது அந்தப் பங்கர். அதுக்குள்ளை புழுக்கம்தான்" என்றார் சிறிது நேரத்தில்.

"ஓம்" என்றார் அக்கா. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைத் தனியே நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இரைச்சல் தூரப் போய் நின்றது. குண்டு எங்கள் பக்கம் விழவில்லை. மற்றப் பங்கரிலிருந்து சனம் ஏறி வந்து, அடுப்பில் விட்டுவிட்டு வந்த சோற்றைப் பற்றிக் கதைத்துக்கொண்டு போனது. நானும் ஏறினேன். படியின் மேலே நின்று திரும்பிக் கூப்பிட்டேன்.

"அக்கா, கிபிர் போயிட்டுது. வாருங்கோ வெளியிலை."

"நீ போ தம்பி" என்றார் உள்ளேயிருந்து. "இஞ்சை நல்ல குளிர். நாங்கள் கொஞ்சம் இருந்திட்டு வாறம்."